சைபர்-பௌதிக அமைப்புகளில் பாதுகாப்பும் தனியுரிமையும்: படிகளின் வரிசையும் அதன் காரணங்களும்

உணரிகளும் கட்டுப்படுத்திகளும் வால்வுகளும் மோட்டார்களும் ஒரே வலையமைப்பில் சேர்ந்து இயங்கும் ஒரு சைபர்-பௌதிக அமைப்பைப் பொறுப்பேற்றவர் அதை ஊடுருவலிலிருந்து காக்க வேண்டும். அந்த உணரிகளுக்கு நடுவே வாழ்கிற, வேலை செய்கிற மனிதர்களைப் பற்றித் தேவைக்கு மேல் எதுவும் வெளியே போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்விரு கடமைகளும் ஒரே தரவை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. கண்காணிப்புக் குழு எல்லாவற்றையும் நுண்ணிய இடைவெளியில் பதிந்து நெடுநாள் வைத்திருக்கச் சொல்லும். தனியுரிமைக் குழு கூடியவரை எதையும் வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லும்.

புதியவர்கள் பெரும்பாலும் குறியாக்கத்திலிருந்துதான் (பிறர் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவதிலிருந்துதான்) தொடங்குகிறார்கள், ஏனெனில் இரு குழுக்களும் அதை மறுப்பதில்லை. வழியில் ஒட்டுக்கேட்பவரை அது தடுக்கும். ஆனால் மறுமுனையில் முறையான அனுமதியோடு திறந்து படிப்பவரிடமிருந்து அது யாரையும் காக்காது. தனியுரிமைச் சிக்கல்களில் பெரும்பகுதி பிறப்பதோ அங்கேதான். அதனால் கீழுள்ள வரிசையில் குறியாக்கம் ஆறாவது படியில்தான் வருகிறது. குளிரூட்டல், கதவுக் கட்டுப்பாடு, மின்மீட்டர்கள் ஆகியவை கொண்ட பல மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு பொருள்கள் தேவை: செயல்முறையின் வரைபடம், வலையமைப்பில் உண்மையில் இருக்கும் கருவிகளின் பட்டியல், ஒவ்வொரு தரவையும் யார் வாங்குகிறார்கள் என்ற விவரம், அமைப்பை அன்றாடம் இயக்கும் ஒருவரின் நேரம். நான்காவது கிடைக்காவிட்டால் வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. வரைபடத்தில் இல்லாத கம்பி எங்கே ஓடுகிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

கருவிப் பட்டியலை எடுக்கும்போது வலையமைப்பைத் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்களை ஓடவிடாதீர்கள். பழைய பி.எல்.சி.கள் (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிகள்) சில, எதிர்பாராத ஒரு தரவுப் பாக்கெட் வந்தாலே நின்றுவிடக்கூடியவை. வலையமைப்பு ஸ்விட்சின் பிரதி போர்ட்டில் (கடந்துபோகும் தகவலின் நகல் வரும் இணைப்பில்) இருந்துகொண்டு, ஓடும் தகவலைச் சில நாட்கள் அமைதியாகக் கேட்டாலே பட்டியல் பெரும்பாலும் நிரம்பிவிடும். மாதம் ஒருமுறை மட்டும் பேசும் கருவிகளை இயக்குபவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

1. ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள்

விபத்து நேராமல் காப்பதையும் ஊடுருவல் நேராமல் காப்பதையும் தமிழில் ஒரே சொல்லால் குறிக்கிறோம். கூட்டங்களில் இதனால் வீணாகும் நேரம் கொஞ்சமன்று. முதல் நாளே ‘விபத்துத் தடுப்பு’, ‘ஊடுருவல் தடுப்பு’, ‘தனியுரிமை’ என்று மூன்று தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு தேவையும் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதை எழுதிவிடுங்கள்.

இவை மோதும்போது விபத்துத் தடுப்பே மேலோங்க வேண்டும். தீ எச்சரிக்கை ஒலித்தால் கதவு திறந்தாக வேண்டும். அட்டை சரிபார்ப்பு சர்வர் பதில் தரும்வரை அது காத்திருக்கக்கூடாது. மற்ற இரண்டுக்கும் இடையே இப்படி நிலையான முன்னுரிமை எதையும் வைக்காதீர்கள். அதைத் தரவோட்டம் ஒவ்வொன்றாகத்தான் முடிவு செய்ய இயலும்.

2. செயல்முறையின் எல்லைகளை எழுதுங்கள்

ஒவ்வொரு கட்டுப்பாட்டுச் சுழற்சிக்கும் (அளந்து, ஒப்பிட்டு, திருத்தும் சுற்றுக்கும்) மூன்று கேள்விகள் கேளுங்கள்: மதிப்பு தவறாக வந்தால் என்ன ஆகும், தாமதமாக வந்தால் என்ன ஆகும், வராமலே போனால் என்ன ஆகும்? அறையின் வெப்பநிலை மாறுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். மின் துணைநிலையத்தில் பழுதின்போது மின்சுற்றைத் துண்டிக்கும் காப்பு ரிலேக்கோ சில மில்லிநொடிகள்தாம் கிடைக்கும். பின்னர் வரும் குறியாக்கத் தாமதம், இரைச்சல் (எண்களில் வேண்டுமென்றே சேர்க்கும் தற்செயல் மாற்றம்), மாதிரி இடைவெளி (எத்தனை நொடிக்கு ஒருமுறை அளப்பது) ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த எண்களே வரம்பு.

எந்த ஓட்டத்தில் ஊடுருவல் பௌதிக உலகைத் தொடுகிறது என்பதும் இங்கே தெரியவரும். 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில் கழிவுநீர்க் கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவிய நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர் ரேடியோ வழியாக அனுப்பிய பொய்க் கட்டளைகளால் சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் வெளியேறிப் பூங்காக்களிலும் நீரோடைகளிலும் பாய்ந்தது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மின்விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டுத் திரைகளைக் கைப்பற்றியவர்கள் ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்களின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். இரண்டிலும் சேதத்தை விளைவித்தது கட்டளைப் பாதை. யாருடைய தனிப்பட்ட விவரமும் ஓடாத பாதை அது. ஆகவே அங்கே எவ்வளவு கடுமையாகக் கண்காணித்தாலும் தனியுரிமைக்கு இழப்பு குறைவு. இந்த ஒரு கவனிப்பே பாதி மோதல்களைத் தீர்த்துவிடும்.

3. தரவோட்டங்களைப் பட்டியலிடுங்கள்

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு வரி போதும். எங்கிருந்து, எங்கே, எத்தனை நொடிக்கு ஒருமுறை, எவ்வளவு துல்லியமாக, எதற்காக, எவ்வளவு காலம் சேமிக்கப்படுகிறது என்பவற்றோடு, ‘இதிலிருந்து ஒரு மனிதரைப் பற்றி என்ன ஊகிக்கலாம்’ என்ற நெடுவரிசையும் அதில் இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நெடுவரிசையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பெயரோ தொலைபேசி எண்ணோ இல்லாத ஓட்டத்துக்கு எதிரே ‘தனிப்பட்ட தரவு இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கரியமில வாயு உணரி காற்றோட்டத்துக்காக வைக்கப்பட்டது. ஆனால் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் அது சொல்லும், ஒருவர் மட்டும் பயன்படுத்தும் அறையென்றால் அவர் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் சொல்லும். ஒரு வீட்டின் மொத்த மின்னளவை மட்டும் வைத்து உள்ளே எந்தெந்தச் சாதனம் எப்போது ஓடியது என்று பிரித்தறிய முடியும் என்பதை ஜார்ஜ் ஹார்ட் 1992இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே விரிவாக விளக்கினார். வண்டிச் சக்கரத்தின் காற்றழுத்த உணரிகூட இதற்கு விலக்கில்லை: ஒவ்வொன்றும் மாறாத 32 பிட் எண் ஒன்றைக் குறியாக்கமின்றி ஒலிபரப்புவதையும், 40 மீட்டர் தொலைவிலிருந்தே அதைப் பிடிக்க முடிவதையும் 2010இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாறாத எண் இருக்கும் இடத்தில் பின்தொடரவும் முடியும்.

4. வெட்டக்கூடியதை வெட்டுங்கள்

இது மிக முக்கியமான படி. அதிக நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். இல்லாத தரவைக் காக்க வேண்டியதில்லை, அது கசியவும் முடியாது. ஊடுருவல் தடுப்பும் தனியுரிமையும் முழுமையாக ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான்.

ஒவ்வொரு வரியிலும் ‘எதற்காக’ என்ற நெடுவரிசையை எடுத்து, அந்த நோக்கத்துக்குத் தேவையான குறைந்தபட்ச இடைவெளி, குறைந்தபட்சத் துல்லியம், மிக அருகிலுள்ள இடம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். குளிரூட்டும் கட்டுப்படுத்திக்கு ஐந்து நொடிக்கு ஒருமுறை ஆள் எண்ணிக்கை தேவைப்படலாம். ஆனால் அந்தக் கட்டுப்படுத்தி அதே மாடியில்தானே இருக்கிறது? எண்ணிக்கை மாடியை விட்டு வெளியே போக வேண்டிய காரணம் எதுவுமில்லை. மையச் சர்வருக்கு அந்த மாடி இன்று எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்பது தெரிந்தால் போதும். மின்மீட்டரும் அப்படித்தான்: கட்டணத்துக்குக் காலமுறை மொத்தம் போதும், மின்னழுத்த மேலாண்மைக்கு ஒரு மின்பாதையில் உள்ள எல்லா வீடுகளின் கூட்டுத்தொகை போதும், பழுது அறிய நிகழ்வுச் செய்தி போதும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே நுண்ணிய ஓட்டத்தை வாங்கிக்கொள்வது வடிவமைப்பாளருக்கு வசதி என்பதற்கு மேல் வேறு நியாயம் அதற்குக் கிடையாது.

‘பிறகு பயன்படலாம்’ என்ற பதிலை நோக்கமாக ஏற்காதீர்கள். நான் கலந்துகொண்ட ஒரு பணியில் அப்படி வைத்திருந்த ஓட்டங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். பெரும்பாலானவற்றை யாரும் கேட்டு வரவில்லை. கேட்டு வந்த ஒருவருக்கும் வாரச் சராசரியே போதுமானதாக இருந்தது.

இந்தப் படியைத் தள்ளிப்போடுவதன் விலை பெரியது. நெதர்லாந்தில் எல்லா வீடுகளிலும் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்ட முன்வரைவை அந்நாட்டு மேலவை 2009இல் தனியுரிமைக் காரணங்களுக்காக ஏற்க மறுத்தது. மக்கள் மறுக்கும் உரிமையைச் சேர்த்து அரசு அதைத் திருத்த வேண்டியதாயிற்று.

5. இரண்டு அச்சுறுத்தல் மாதிரிகளையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள்

வெட்டிய பிறகு எஞ்சிய ஓட்டங்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். முன்னரே செய்தால் நாளை இல்லாமல் போகும் ஓட்டங்களுக்காக வாரக்கணக்கில் உழைத்திருப்பீர்கள். அச்சுறுத்தல்களை வகைப்படுத்திப் பட்டியலிட, ஊடுருவல் தடுப்புக்கு ஸ்ட்ரைட் (STRIDE) முறையும் தனியுரிமைக்கு லின்டன் (LINDDUN) முறையும் பரவலாகப் பயன்படுகின்றன. இரண்டையும் தனித்தனி அறிக்கைகளாக எழுதாமல் ஒரே வரைபடத்தில் இரு நிறங்களில் குறித்தால், மோதும் இடங்கள் கண்ணுக்குத் தெரியும்.

மோதலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘மறுக்க இயலாமை’. ஒரு செயலைச் செய்தவர் பிறகு அதை மறுக்க முடியாதபடி செய்வது முதல் முறையில் இலக்கு. இரண்டாவதில் அதுவே அச்சுறுத்தல்களில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. இரண்டும் சரியே. வால்வைத் திறக்கும் கட்டளைக்கு மறுக்க இயலாமை கட்டாயம் வேண்டும். ஓய்வறைக் கதவை யார் எத்தனை முறை திறந்தார் என்பதற்கு அது இருக்கவே கூடாது. எனவே கட்டளைகளுக்குக் கையொப்பம், நடமாட்ட அளவீடுகளுக்குக் கையொப்பமில்லாத கூட்டு எண்ணிக்கை என்று ஓட்டவாரியாகப் பிரித்து எழுதுங்கள்.

இதே வரைபடத்தில் மண்டலங்களையும் வரைந்துவிடுங்கள். தொழிலகக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்காகச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐஇசி) வகுத்த ஐஇசி 62443 தரநிலைத் தொகுதி அமைப்பை மண்டலங்களாகவும் அவற்றை இணைக்கும் பாதைகளாகவும் பிரிக்கச் சொல்கிறது. மனிதரைப் பற்றிச் சொல்லும் தரவுக்கும் தனி மண்டலம் ஒன்று கொடுத்தால், ஊடுருவல் தடுப்புக்காகக் கட்டிய சுவரே தனியுரிமைக்கும் உதவும்.

6. முதலில் மாற்றமுடியாமை, பிறகு குறியாக்கம்

பௌதிக அமைப்பில் மிகுந்த ஆபத்து, செய்தி படிக்கப்படுவதைவிட அது மாற்றப்படுவதில் இருக்கிறது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், முன்பு பதிந்த இயல்பான அளவீடுகளைத் திரும்ப ஓட்டிக் காட்டித் திரைமுன் இருந்தவர்களை நம்பவைத்தபடியே யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளைக் கெடுத்தது. ஆகவே எல்லா ஓட்டங்களுக்கும் அனுப்பிய கருவியை உறுதிசெய்யும் முத்திரையும், பழைய செய்தியைத் திரும்ப அனுப்ப முடியாதபடி வரிசை எண்ணும் வையுங்கள். 1979இல் உருவான மோட்பஸ் போன்ற தொடர்பு நெறிமுறைகளில் இவை இயல்பாக இல்லை. அங்கே கருவிக்கு முன்னால் ஒரு கேட்வே (இடைநிலைக் கருவி) வைத்து, அதன் மறுபக்கத்தில் சேர்க்க வேண்டியிருக்கும்.

குறியாக்கத்தை எல்லா இடத்திலும் திணிக்க வேண்டியதில்லை. மின்சார அமைப்புகளின் தகவல்தொடர்புக்கான ஐஇசி 62351 தரநிலையின் 2007ஆம் ஆண்டுப் பகுதி, 4 மில்லிநொடிக்குள் பதில் வேண்டிய செய்திகளுக்குக் குறியாக்கத்தைப் பரிந்துரைக்கவில்லை. காரணம் தெளிவு: ‘மின்சுற்றைத் துண்டி’ என்ற செய்தியில் மறைக்க வேண்டிய இரகசியம் எதுவுமில்லை, அது உண்மையானதா, நேரத்தில் வந்ததா என்பதே கேள்வி. மறுபுறம், மனிதரைப் பற்றிச் சொல்லும் எந்த ஓட்டமும் குறியாக்கமின்றிக் கட்டடத்தின் ஒரு மாடியைக்கூடத் தாண்டக்கூடாது.

இங்கே இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஆள் நடமாடும்போது மட்டும் செய்தி அனுப்பும் உணரியில், செய்தியைப் பூட்டினாலும் அது புறப்பட்ட நேரமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். நிலையான இடைவெளியில், நிலையான அளவில் அனுப்பினால்தான் அது மறையும். அடுத்தது, கைப்பேசியின் மேக் முகவரியை (வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணை) ஹாஷ் செய்துவிட்டு, அதாவது ஒருவழிக் கணக்கால் வேறோர் எண்ணாக மாற்றிவிட்டு, ‘அடையாளம் நீக்கப்பட்டது’ என்று எழுதுவது. அம்முகவரி 48 பிட் கொண்டது, வழக்கமாக அதில் முதல் 24 தயாரிப்பாளரைக் குறிப்பவை. ஒரு தயாரிப்பாளரின் ஒரு முன்னொட்டுக்கு எஞ்சுபவை 1,67,77,216 வாய்ப்புகள்தாம். சாதாரணக் கணினி அத்தனையையும் நொடிகளில் போட்டுப் பார்த்துவிடும். இரகசியத் திறவுகோலுடன் ஹாஷ் செய்து, திறவுகோலை நாள்தோறும் மாற்றிப் பழையதை அழித்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

7. கூட்டுத்தொகையும் இரைச்சலும்

பல மீட்டர்களின் மொத்தம் மட்டும் தேவைப்படும் இடத்தில், தனித்தனி அளவுகளைச் சேகரிப்பவருக்கே காட்டாமல் கூட்டலாம். மூன்று மீட்டர்களின் அளவுகள் 4, 9, 6 என்று வைத்துக்கொள்வோம். அவை தமக்குள் +7, −3, −4 என்று கூட்டினால் சுழியாகும் முகமூடி எண்களைப் பகிர்ந்துகொண்டு 11, 6, 2 என்று அனுப்பினால், மொத்தம் 19 சரியாகவே வரும். தனி அளவு எதுவும் தெரியாது. நடைமுறையில் முகமூடிகள் மிகப் பெரிய எண்களாக இருக்கும், அளவீட்டுக்கு ஒருமுறை மாறும்.

இதற்கு இரண்டு விலைகள் உண்டு. ஒரு மீட்டர் நின்றுபோனால் முகமூடிகள் சுழியாகாமல் மொத்தமே குப்பையாகிவிடும்; மீட்பு முறையை முன்னரே வடிவமைக்க வேண்டும். கைப்பற்றப்பட்ட ஒரு மீட்டர் 6க்குப் பதில் 900 என்று சொன்னால், யார் சொன்னார் என்பது கூட்டுபவருக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு மீட்டரும் தன் அளவு இயல்பான வரம்புக்குள் இருப்பதை, அளவைக் காட்டாமலே மெய்ப்பிக்க வேண்டும். அதற்கான கணினித் திறன் மீட்டரில் இல்லையென்றால், மின்பாதையின் தொடக்கத்தில் தனியாக ஒரு மீட்டர் வைத்து மொத்தத்தை ஒப்பிடுவது எளிய வழி. நான் இரண்டாவதையே விரும்புவேன். சரியாக நிறுவப்பட்ட எளிய கருவி, பாதி புரிந்த கணிதத்தைவிட நம்பத்தக்கது.

குழுவின் அளவையும் கவனியுங்கள். பத்து அறைகளின் மொத்தமும் அவற்றில் ஒன்பதின் மொத்தமும் ஒருவருக்குக் கிடைத்தால், கழித்தால் பத்தாவது அறை வந்துவிடும்.

வெளியிடும் எண்களில் வேறுபாட்டுத் தனியுரிமை முறையில் (ஒருவர் சேர்ந்தாலும் விலகினாலும் விடை ஏறத்தாழ மாறாதபடி) இரைச்சல் சேர்ப்பது இதற்கு மருந்து. ஆனால் இரைச்சலை ஒருபோதும் கட்டுப்பாட்டுச் சுழற்சிக்குள் விடாதீர்கள். வெளியே போகும் பிரதியில் மட்டும் சேருங்கள். உள்ளே விட்டால் கட்டுப்பாடு தடுமாறுவதோடு, ஊடுருவியவர் தன் சிறு மாற்றங்களை அந்த இரைச்சலுக்குள்ளேயே ஒளித்துவைக்க இடம் கிடைக்கும்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆள் எண்ணிக்கையில் ஒருவரால் வரும் வேறுபாடு 1. எப்சிலான் (தனியுரிமை இழப்பின் அளவுகோல்; சிறியதாக இருப்பதே நல்லது) 0.5 என்றால், இங்கே வழக்கமாகச் சேர்க்கும் லாப்லாஸ் வகை இரைச்சலின் அளவு 2, திட்ட விலக்கம் சுமார் 2.8. நூறு பேர் உள்ள மாடிக்கு இது பொருட்டில்லை. மூன்று பேர் உள்ள அறைக்கு அந்த எண்ணே பொருளற்றது. மேலும், நாள் முழுதும் உள்ளே இருக்கும் காவலர் மணிக்கொரு வெளியீடு 24இலும் எண்ணப்படுகிறார். எளிய கூட்டல் கணக்கில் அவருக்கு எப்சிலான் 12 செலவாகிறது, அதைப் பாதுகாப்பு என்று அழைக்க இயலாது. இந்தத் திரளும் செலவை மறப்பதே இந்தப் படியில் வரும் பெருந்தவறு.

8. ஊடுருவல் கண்காணிப்பை விளிம்பிலேயே வையுங்கள்

கண்காணிப்புக் குழுவுக்கு மூலத் தரவு முழுதும் வேண்டும் என்ற கோரிக்கை இப்போது வரும். அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, அளவீடு எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது. அதைக் கட்டுப்படுத்தியின் அருகிலேயே கணிக்கலாம்: செயல்முறை மாதிரி சொல்லும் மதிப்புக்கும் உணரி சொல்லும் மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடர்ந்து கூட்டிவந்து, வரம்பு மீறினால் எச்சரிக்கை மட்டும் அனுப்பச் செய்யுங்கள். சிறு சிறு விலகல்களாக மெல்ல நகர்த்தும் தாக்குதலும் இந்தக் கூட்டலில் சிக்கும்.

மூலத் தரவைக் கருவியிலேயே சுழலும் நினைவகத்தில், எடுத்துக்காட்டாகக் கடைசி 24 மணி நேரத்துக்கு மட்டும், வைத்திருங்கள். எச்சரிக்கை எழுந்தால் அதைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும், இரு குழுக்களிலிருந்தும் ஒருவர் வீதம் இருவர் ஒப்புதலுடன் திறக்கலாம். ஒருவரே திறக்கக்கூடிய பூட்டு, சில மாதங்களில் யாரும் கவனிக்காத வழக்கமாகிவிடும்.

9. பதிவேடுகளுக்கு வயது வகுத்துவிடுங்கள்

ஊடுருவல் பல மாதங்கள் கழித்தே தெரியவரலாம் என்பதால் பதிவேடுகள் நீண்டகாலம் வேண்டும். கதவுப் பதிவேடு ஒன்றே ஒருவரின் நாட்குறிப்புக்குச் சமம் என்பதால் அது விரைவில் மறைய வேண்டும். ஒரே கால வரம்பை எல்லாவற்றுக்கும் வைத்தால் ஒரு தரப்பு தோற்கும். கட்டளைகள், அமைவு மாற்றங்கள், ஃபர்ம்வேர் (கருவிக்குள் பொதிந்த மென்பொருள்) மாற்றங்கள் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் வையுங்கள். மனிதர் நடமாட்டத்தைப் பெயருடன் சில வாரங்களும், அதன்பின் புனைபெயருடன் சில மாதங்களும் வைத்து, பெயரையும் புனைபெயரையும் இணைக்கும் அட்டவணையை வேறு இடத்தில் வேறொருவர் பொறுப்பில் விடுங்கள்.

அழிப்பு உண்மையில் நடக்கிறதா என்று பாருங்கள். முதன்மைச் சேமிப்பில் அழிந்தது காப்புப் பிரதிகளில் பத்திரமாக இருப்பதே வழக்கம்.

10. இரு பக்கத்திலிருந்தும் தாக்கிப் பாருங்கள்

ஒரு குழு கட்டளையைப் போலியாக நுழைக்க முயலட்டும். இதை ஓடும் அமைப்பில் செய்யாமல் மாதிரிக் கூடத்தில் செய்யுங்கள். மற்றொரு குழு, வெளியே போகும் தரவை மட்டும் வைத்துக்கொண்டு, தன் விருப்பத்தோடு முன்வந்த ஒருவரின் ஒரு வாரத்தை மீட்டெடுக்க முயலட்டும். முதலாவதை எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாவதை ஏறக்குறைய யாரும் செய்வதில்லை, ஆனால் வடிவமைப்பைத் திருத்தவைக்கும் கண்டுபிடிப்புகள் எனக்கு இரண்டாவதில்தான் அதிகம் கிடைத்திருக்கின்றன.

ஒரு திருத்தம் மறுபக்கத்தைத் திறந்துவிடலாம் என்பதால், எதை மாற்றினாலும் இரண்டு சோதனைகளையும் மீண்டும் ஓட்டுங்கள். மூன்றாம் படியின் பட்டியலை உயிருள்ள ஆவணமாக வைத்துக்கொண்டு, வலையமைப்பில் கேட்கும் உண்மையான இடைவெளிகளுடன் அதைக் குறைந்தது மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பேசிக்கொண்டிருந்த மீட்டர் ஒன்று, ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்த மறுநாளிலிருந்து 10 நொடிக்கு ஒருமுறை பேசத் தொடங்கியதை நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம். புதுப்பிப்புக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.